கைகள் ஓய்ந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

வாகனம் ஓட்டும்போது கைபேசியில் பேசுவோர் மீதான நடவடிக்கை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, கையில் பிடித்துப் பேசும் கருவியை மட்டுமே ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருப்பதால், ப்ளூடூத் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டால் தவறில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் கைபடாமல் பேசியவர்களுக்கும் கவனச்சிதறலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் சாலை நெருக்கடியைக் கண்டு பேச்சை நிறுத்துவார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது.

அண்மையில் நான் சென்ற வாடகைக் காரின் ஓட்டுநர், அடுத்த சவாரிக்காரரிடம் ப்ளூடூத் வழியே இடம் விசாரித்தபடியே சிவப்பு விளக்கைக் கடந்துவிட்டார். அவருடைய கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. பார்வையும் (அதுதான் வியப்பு) சாலையில்தான் இருந்தது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, அழைப்பை எடுக்காவிட்டால் சவாரி ரத்தாகிவிடும். எனவே, வண்டி ஓடும்போது பயணியின் அழைப்பு ஓட்டுநரைச் சென்றடையாமல், குறுஞ்செய்தியாக மாறிக் காத்திருக்கும் ஏற்பாட்டை வாடகைக் கார் செயலிகளுக்குப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், சென்னை