பழக் கிண்ணத்துக்காக ஒரு வக்காலத்து

அயோவா, அமெரிக்கா

ஏட்டி செல்வி,

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மகன் வேலை மாறிவிட்டான். மருமகள் இன்னமும் என்னோடு இங்கிலீஷில்தான் சண்டை போடுகிறாள், நான் நெல்லைத் தமிழில் பதில் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது. செய்தி இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"பழத்துல மயோனைஸ ஊத்தித் திங்கிற ஊர்லபோய் இருக்கியே, ஒனக்கு நாக்குல ருசி கிசி மிஞ்சியிருக்கா?" என்று போனில் கேட்டாய். கேட்டுவிட்டுச் சிரித்தாய். அத்தோடு விட்டாயா? ஹாஸ்டல் குரூப்பிலும் போட்டாய். நெட்டை சாந்தி வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போடுகிறாள். எவள்? சாம்பாரில் சீனி போட்டுப் பிடிபட்ட அதே நெட்டை சாந்தி! இதற்குப் போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். எழுதினால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில், நீ சொன்னதில் உள்ள கால்வாசி உண்மையைக் கொடுத்துவிடுகிறேன். மயோனைஸ் ஊற்றுகிறவர்கள் உண்டு. நியூயார்க்கில் வால்டார்ஃப் ஹோட்டலில் 1890-களில் ஆப்பிளையும் செலரித் தண்டையும் மயோனைஸில் புரட்டிக் கொடுத்தார்கள், அது நாடு முழுக்கப் பரவியது. வால்நட் போட்டது அப்புறம்தான். நானும் சாப்பிட்டிருக்கிறேன், நீ நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. ஆனால் நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லவந்தது அதை இல்லை. நீ சொல்லவிட்டால்தானே.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எண்பது தாண்டியவர், வீட்டுக்காரர் மக்காச்சோளமும் சோயாவும் போட்டவர், இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறார். தேவாலயத்தில் அறுவடை நாள் விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். அந்தம்மா எப்போதும் கொண்டுபோவது பழ சாலட். இந்த வருஷம் கை நடுங்குகிறது, கிண்டித்தர ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். அன்றைக்குப் பார்த்ததைத்தான் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன், நீ மயோனைஸில் என்னை முக்கிவிட்டாய்.

இந்த ஊர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் நல்ல ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது? வந்தாலும் விலை கட்டாது. எண்ணெய் இல்லாமல் மயோனைஸ் இல்லை. பண்ணைவீட்டில் இருந்ததெல்லாம் கோழி, மாடு, அதாவது முட்டையும் பாலும் வெண்ணெயும். அதனால் முட்டையையும் மாவையும் வினிகரையும் கடுகுப்பொடியையும் சேர்த்து அடுப்பில் கிண்டிக் கெட்டியாக்கி, ஆறவைத்து, முட்டைக்கோஸ் மேலேயும் உருளைக்கிழங்கு மேலேயும் ஊற்றினார்கள். ஃபேனி ஃபார்மர் 1896-ல் பாஸ்டனில் போட்ட பெரிய சமையல் புத்தகத்திலும் இந்த அடுப்பில் வைக்கும் டிரெஸ்ஸிங், அதாவது சாலட் மேல் ஊற்றும் கலவை, இருக்கிறது. பழத்துக்கென்று வரும்போது வினிகருக்குப் பதில் அன்னாசிச் சாறும் எலுமிச்சையும், கடுகுக்குப் பதில் சீனி. ஹவாயில் ஜேம்ஸ் டோல் என்பவர் 1901-ல் அன்னாசிக் கம்பெனி தொடங்கினார். அங்கிருந்து டப்பா டப்பாவாக அன்னாசி வர வர, பனி கொட்டும் ஊரில்கூட நடு ஜனவரியில் அன்னாசி கிடைத்தது. துண்டைப் பழத்தோடு போட்டு, டப்பாவில் மிச்சமிருக்கும் சாற்றை வீணாக்காமல் டிரெஸ்ஸிங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் அம்மாமார் அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாத புத்திதான்.

அளவு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். டப்பா அன்னாசிச் சாறு ஒரு கப். முட்டை இரண்டு. சீனி அரை கப். மைதா இரண்டு டேபிள்ஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் நெல்லிக்காய் அளவு. எலுமிச்சை ஒன்று. கிரீம் ஒரு கப். அந்தம்மாவிடம் இருக்கும் அட்டையில் இவ்வளவும் எழுதி, கீழே "கெட்டியாகும்வரை கிண்டவும்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்தான் எல்லா வித்தையும் ஒளிந்திருக்கிறது.

சீனி, மைதா, உப்பு மூன்றையும் முதலில் உலர்வாகக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு கட்டிகட்டியாகிவிடும். அதில் முட்டையை அடித்து ஊற்றி, சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும், அதன் மேல் கிண்ணம், கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. மரக்கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. முட்டை அடித்த நுரை மேலே வெள்ளையாக மிதக்கிறது, கீழே மஞ்சள் தண்ணீர். எனக்குக் கை ஓய்ந்து, பார்வை ஜன்னலுக்குப் போனது. "நுரையைப் பார்" என்றார். பார்த்தால் ஓரத்திலிருந்து நுரை அடங்கிக்கொண்டே வருகிறது. முழுக்க அடங்கிய நிமிஷத்தில் கரண்டி கனத்தது. கரண்டி போன வழி ஒரு நொடி தெரிந்து மூடிக்கொள்கிறது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தேன், கோடு ஓடாமல் நின்றது. முட்டை வாடை போய், அன்னாசி மிட்டாய் வாசனை வந்துவிட்டது.

"சரி, ஆயிற்று" என்று இறக்கப்போனேன். அந்தம்மா விடவில்லை. கிண்ணத்தை எடுத்து நேரடியாகச் சின்னத் தீயில் வைத்து, குமிழ் வெடிக்கும்வரை இன்னும் ஒரு நிமிஷம் கிண்டச் சொன்னார். முட்டை திரிந்துவிடாதா என்று பயந்தேன். மாவு சேர்ந்திருப்பதால் திரியாது. குமிழ் வராமல் இறக்கினால்தான் ஆபத்து. ராத்திரி கெட்டியாக இருந்தது காலையில் தண்ணீராகி நிற்கும். ஏன் என்று வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன், அவன் படித்த படிப்பு அதற்காவது உதவட்டும் என்று. முட்டை மஞ்சள் கருவில் மாவுச்சத்தைக் கரைக்கும் ஒரு நொதி இருக்கிறதாம், நம் எச்சிலில் இருக்கிற அதே ரகம். நன்றாகச் சூடேறினால்தான் அது சாகும். அந்தம்மாவுக்கு நொதி கிதி தெரியாது. "என் அம்மா குமிழ் பார்ப்பாள்" என்றார், அவ்வளவுதான்.

எலுமிச்சையை இறக்கியபிறகுதான் பிழிய வேண்டும், அடுப்பிலேயே பிழிந்தால் அதன் புளிப்பு, மாவின் கெட்டியைக் குலைக்கும். வெண்ணெயையும் அப்போதே போட்டுக் கலக்கி, மேலே ஏடு படியாமல் மூடி, நன்றாக ஆறவைத்து, அப்புறம்தான் அடித்த கிரீமைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டில் சேர்த்தால் கிரீம் உருகி மோராகிவிடும். சேர்க்கும்போது கிண்டக்கூடாது, அடியிலிருந்து மேலே மடித்து மடித்து விடவேண்டும். நாக்கில் வைத்தால் முதலில் கிரீம், அப்புறம் புளிப்பு, கடைசியில்தான் இனிப்பு. இப்போது சொல்லுட்டி, இது மயோனைஸா?

நீ செய்தால் இரண்டு விஷயம் கவனி. அங்கே டெட்ரா பாக்கெட்டில் வரும் சாதாரண கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் போலத்தான், எவ்வளவு அடித்தாலும் நிற்காது. இங்கே அடிக்கிற ஹெவி கிரீமில் குறைந்தது 36 இருக்கும். அதனால் நீ கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அதைச் சேர், நான் செய்து பார்த்தேன், எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. இரண்டாவது, வீட்டில் வெட்டிய பச்சை அன்னாசியைப் போடாதே. அதில் இருக்கும் சத்து பாலில் உள்ள புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். டப்பாவில் அடைக்கும்போது சூடுபட்டு அந்தக் குணம் போய்விடும். டப்பா மட்டம், புதுசு உசத்தி என்று நினைக்கிற நமக்கு இது ஒரு அடி.

உன் மாமியாரை நினைத்தால்தான் கவலை. முட்டை வாடை பட்டால் அடுப்பையே கழுவிவிடுகிறவர். அவருக்கு ஹாஸ்டல் முறைதான் சரி, முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடர். அதற்கும் ஒரு கதை உண்டு தெரியுமா? பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று 1837-ல் மக்காச்சோள மாவில் முட்டையில்லாத கஸ்டர்ட் செய்தார். அந்த வழியில் வந்த பவுடர்தான் நம் ஊர்க் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கொடுத்தார்களே, மஞ்சள் தண்ணீரில் கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டு துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் திராட்சை ஒன்று. வார்டனம்மா கரண்டியைத் திருப்பிப் பிடித்துத்தான் பரிமாறுவார் என்று நீ செய்துகாட்டிய நடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் அதற்குத்தானே சனிக்கிழமை ராத்திரியே இடம் பிடித்தோம்.

விருந்தில் என்ன ஆயிற்று என்று கேட்பாய். பக்கத்திலேயே இன்னொரு பழ சாலட் வைத்திருந்தார்கள். குளிர்பெட்டியில் உறைந்து வரும் டப்பா கிரீமை மூடி திறந்து கொட்டியது, கிரீம் என்ற பேருக்கு முக்கால்வாசி தண்ணீரும் எண்ணெயும் சீனிப்பாகும், மேலே மார்ஷ்மெல்லோ என்கிற மெத்து மெத்தென்ற மிட்டாய்த் துண்டுகள். சின்னப்பிள்ளைகள் அதைத்தான் மொய்த்தன. அந்தம்மாவின் கிண்ணம் மெதுவாகத்தான் காலியானது, ஆனால் எடுத்தவர்கள் எல்லாம் நரைத்த தலைகள், எடுத்தவர்களே மறுபடி வந்து எடுத்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடித்து ஆளுக்கொரு ஸ்பூன் ஊட்ட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

சரி. இவ்வளவு நேரம் சிரிப்பாக எழுதினேன். இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பழத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நேற்று மல்லிகா கூப்பிட்டாள். உனக்குச் சர்க்கரை வந்து ஆறேழு மாதமாகிறது என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆறேழு மாதத்தில் எத்தனை தடவை பேசியிருப்போம்? ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லையே நீ. அன்றைக்கு நான் அரை கப் சீனி என்று தொடங்கியபோதுதான் நீ சட்டென்று மயோனைஸுக்குத் தாவினாய், இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சிரிப்புக் காட்டியே எதையும் தாண்டிப் போய்விடுவது உன் பழைய பழக்கம். கணக்குப் பரீட்சையில் செய்தாய், அப்பா போனபோதும் செய்தாய்.

உன் அம்மாவுக்குக் கால் விரல் எடுத்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இரண்டு பேரும் ஒரே போர்வையில் படுத்திருந்தோம். அவரும் இப்படித்தான், புண் கறுக்கும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. "எனக்கு வந்தா மொத ஆளா ஒனக்குச் சொல்லுவேன்" என்று நீ சொன்னாய். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய். கோபமாகத்தான் இருக்கிறேன் செல்வி. தூரத்தில் இருப்பவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாய். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணைக் காட்டினாயா? விழித்திரையைப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனை. பாதத்தைத் தினமும் பார்க்கிறாயா, அடிப்பாதத்தை? குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார். வீட்டுக்குள்ளும் செருப்பு போடு, மாமியார் என்ன சொன்னாலும். மாத்திரையை விரத நாளில் நீயாகவே நிறுத்துகிறாய் என்றும் மல்லிகா சொன்னாள், அதை டாக்டரிடம் சொல்லியிருக்கிறாயா?

மேலே எழுதிய அளவை உன் வீட்டில் யாருக்காவது செய்துகொடு. உனக்கு என்றால் வேறு மாதிரி: டிரெஸ்ஸிங்கே வேண்டாம், தொங்கவிட்ட தயிரில் எலுமிச்சைச் சாறும் துளி உப்பும் போதும், கொய்யாவையும் தோலோடு ஆப்பிளையும் கொஞ்சமாக நறுக்கிப் போடு. சப்போட்டா, மாம்பழம், டப்பா அன்னாசி எதுவும் அதில் சேராது. அதையும் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள், என் பேச்சை நம்பாதே.

மார்ச்சில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. வெறும் வயிற்றில் எடுத்தது, சாப்பிட்டபின் எடுத்தது, மூன்று மாத சராசரி, மூன்றும் வேண்டும். "நார்மல்தாம்ட்டி" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன், சீட்டு வேண்டும்.

உன்
பார்வதி