ஒயில் குறைகிறதா? எஞ்சினை இறக்க முதல் ஒரு சொல்

அன்பான லொறி முதலாளிமாருக்கும் சாரதித் தம்பிமாருக்கும் வணக்கம்.

எங்கள் பஞ்சிகாவத்தைக் கராஜின் வாசலில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பாஸ், எஞ்சின் ஒயில் குடிக்குது. ரிங் அடிக்க எவ்வளவு முடியும்?" ஒயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருந்து ஒயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்ற முடிவோடுதான் வருகிறார்கள். வேறு எங்கோ யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் இந்த மடல்.

அண்மையில் ஒரு எல்ஃப் லொறி வந்தது. தம்புள்ளையிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற வண்டி. சீற்றுக்குப் பின்னால் ஐந்து லீற்றர் ஒயில் கான் எப்போதும் கிடக்கும். வேறொரு கராஜில் எஞ்சினை இறக்கி, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி, இலட்சக்கணக்கில் காசும் கொடுத்தாகிவிட்டது. மூன்று வாரத்தில் திரும்பவும் அதே கதை. முதலாளி சோர்ந்துபோய் நின்றார். சாரதித் தம்பி மட்டும் பேச்சோடு பேச்சாக, "பிரேக்கும் இப்ப கொஞ்சம் கட்டையா இருக்கு அண்ணன்" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இந்த வகை லொறிகளில் பிரேக் மிதியை இலகுவாக்கக் காற்றை உறிஞ்சும் வக்கூம் பம்ப், அல்டர்நேற்றரின் பின்பக்கத்தில்தான் பூட்டியிருக்கும். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஒயில்தான் போகிறது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் ஒயில் அல்டர்நேற்றருக்குள் இறங்கி வெளியே சிந்தும். எஞ்சின் ஓடும்போது மட்டுமே சிந்துவதால் இரவு நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டும் இருக்காது. ஓட்டத்தில் சிந்துவதைக் காற்று அடித்து சேசிஸ் முழுக்கப் பூசிவிடும், மேலே தூசி படிந்து மூடிவிடும். நாங்கள் எஞ்சினைக் கழுவித் துடைத்து, கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து, இருபது நிமிடம் ஓடவிட்டோம். அல்டர்நேற்றருக்கு நேர் கீழே, மட்டையில் கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பம்பையும் சீலையும் மாற்றினோம், ஒயிலும் நின்றது, பிரேக்கும் இளகியது. வக்கூம் குறைந்த பிரேக்கோடு அந்தப் பிள்ளை எத்தனை இரவு பாரத்தோடு வந்திருப்பான் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். லொறியைச் சமதரையில் நிறுத்துங்கள். காலையில், ஸ்டார்ட் பண்ண முதல், ஒயில் அளக்கும் குச்சியின் மேல் கோடு வரைக்கும் ஒயில் ஊற்றி, மீற்றரைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1000 கிலோமீற்றர் ஓடியதும் அதே மாதிரிக் காலையில், திரும்ப மேல் கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றவேண்டியிருக்கிறது என்று அளவுக் கோப்பையால் பாருங்கள். எந்த டீசல் எஞ்சினும் கொஞ்சம் ஒயில் எரிக்கத்தான் செய்யும். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் லொறி, அந்தத் தூரத்துக்கு 160 லீற்றருக்கு மேல் டீசல் எரிக்கிறது. அதற்குள் அரை லீற்றர் ஒயில் என்பது 0.3 வீதம். அந்த அளவுக்காக எஞ்சினைத் திறக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம். ஒரு லீற்றரைத் தாண்டினால் தேடிப் பார்க்க வேண்டும். குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் வேண்டாம். கூடின ஒயிலை எஞ்சின் நுரைக்க அடித்து பிரீதர் (எஞ்சினின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாகத் தள்ளிவிடும், நீங்களும் குறைகிறது என்று நினைத்துத் திரும்ப ஊற்றுவீர்கள். ஊற்றாமலே மட்டம் ஏறினால் அது இன்னும் ஆபத்து. குச்சியை மணந்து பாருங்கள், டீசல் மணந்தால் ஓட்டாமல் கொண்டு வாருங்கள்.

ஒயில் போகிற வழிகள் பல. எயார் பிரேக் உள்ள பெரிய லொறி என்றால் எயார் டாங்கியின் அடிக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீரோடு ஒயிலும் நிறைய வந்தால் அந்த டாங்கிக்குக் காற்றடிக்கும் கொம்ப்ரசர்தான் ஒயிலைத் தள்ளுகிறது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டேர்போவிலிருந்து போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விடுங்கள், குளமாக ஒயில் நின்றால் டேர்போவையும் பிரீதரையும் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேலே ஒயில் மிதக்கிறதா? அப்படியென்றால் ஒயில் கூலர் ஓட்டையாக இருக்கலாம். (சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள்.)

புகையும் சொல்லும். கடுகண்ணாவை இறக்கத்தில் காலை எடுத்து வந்து, கீழே திரும்ப மிதிக்கும்போது ஒரு தடவை நீலமாகக் கக்கினால் வால்வ் சீல் பக்கம் பார்ப்போம். ஏற்றம் முழுக்க நீலப் புகை விடாமல் வந்தால்தான் ரிங் மேல் சந்தேகம். அப்போதும் கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அளந்து, நாலு சிலிண்டரின் கணக்கையும் உங்களுக்கு எழுதித் தருவோம். கொம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஒயிலை வழித்தெடுக்கும் ஒயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகியிருக்கலாம். ஒருகொடவத்தைப் பக்கம் கொண்டெய்னருக்காக மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் வண்டிகளில் இது நடக்கும். நிற்கும்போது அணைத்துவிடுங்கள் தம்பிமாரே.

நாங்களும் ஒரு தடவை பிழைவிட்டிருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் மணல் ஏற்றும் லொறி ஒன்றுக்கு ரிங் மாற்றிக் கொடுத்தோம். ரிங் தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் ஏன் தேய்ந்தது என்று நாங்கள் தேடவில்லை. எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. எயார் பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியாக மணல் தூசி முழுதும் உள்ளே போயிருக்கிறது. அந்த வேலையைக் கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தோம். அன்றிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றி வளைத்துப் பார்க்காமல் எந்த எஞ்சினையும் இறக்குவதில்லை.

எங்களிடம்தான் வரவேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வண்டி நின்றால் அங்கேதான் ஒருவரைப் பிடிக்க வேண்டும். யாராக இருந்தாலும், சத்தத்தைக் கேட்டவுடனே இறக்க வேண்டும் என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். எதை அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று வேறு வேறாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். புதுச் சாமானா, யூஸ்டா என்பதும் பில்லில் இருக்கட்டும். யூஸ்ட் போடுவது குற்றமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் இந்த ஊரின் லொறிகள் பல பஞ்சிகாவத்தை யூஸ்ட் சாமானில்தான் ஓடின. யூஸ்ட்டைப் புதிது என்று விற்பதுதான் குற்றம். அப்படி ஏமாந்தால் பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒயில் வாங்கும்போது கானின் சீலைப் பாருங்கள். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் உள்ள தரத்தையே வாங்குங்கள். வெறும் கானை அப்படியே எறியாமல் மூடியை வெட்டி, ஒரு ஓட்டையும் போட்டு எறியுங்கள். போலி ஒயில்காரர்கள் தேடுவது அந்தக் கானைத்தான்.

ஒயில் குறைகிற வண்டியை, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கொண்டு வந்தால் எங்களுக்கு வசதி. எஞ்சினைக் கழுவிவிட்டு வரவேண்டாம், அழுக்கு எங்கே படிந்திருக்கிறது என்று முதலில் நாங்கள் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டுகிற தம்பியே வரட்டும். ஒயில் கணக்கு எழுதிய கொப்பியையும் மறக்காமல் கொண்டு வரட்டும்.

அன்புடன்,
கராஜில் உள்ள நாங்கள் எல்லோரும்
பஞ்சிகாவத்தை, கொழும்பு