நர்சரிக்காரர்களுக்கு: லேபிளில் இன்னும் ஒரு வரி சேருங்கள்

வீட்டுக்குள் வைக்கும் செடிகளை விற்கும் நர்சரி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் லேபிளில் வெயில், தண்ணீர், விலை எல்லாம் இருக்கின்றன. பூனையோ நாயோ கடித்தால் என்ன ஆகும் என்பது மட்டும் இல்லை. "விஷச் செடி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியும் பயனில்லை. உயிருக்கு ஆபத்து, வாயும் வயிறும் படுத்தும், பயமில்லை என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கூடவே தாவரவியல் பெயரும் வேண்டும்.

காரணம், லில்லி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன. லிலியம் (உண்மையான லில்லி), ஹெமரோகாலிஸ் (டே லில்லி) இரண்டும் பூனையின் சிறுநீரகத்தை ஒன்று முதல் மூன்று நாளுக்குள் செயலிழக்கச் செய்துவிடும். இலையைத் தின்னக்கூட வேண்டாம். ரோமத்தில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலோ பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலோ போதும். நாய்க்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பீஸ் லில்லியோ வேறு குடும்பம். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசியாக நாக்கில் குத்தும், எச்சில் வடியும். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, மான்ஸ்டெரா எல்லாம் இந்த ரகம்தான்.

சாகோ பாம் பனையே அல்ல, சைக்கஸ். அதிலுள்ள சைகாசின் என்ற நச்சு கல்லீரலை அழிக்கும். ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொன்றுவிடலாம். பயமில்லாத அரிக்கா பாமுக்குப் பக்கத்திலேயே அதை அடுக்கி வைக்கிறீர்கள்!

"உயரத்தில் தொங்கவிட்டால் சரியாகிவிடும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். நாய்க்கு அது சரி. பூனைக்கு, தொங்கும் கொடிதான் விளையாட்டுச் சாமான். பூனைக்கும் நாய்க்கும் ஆகாத சோற்றுக் கற்றாழையைக் கேட்பவருக்கு அதே சாயலில் ஹவோர்த்தியா கொடுக்கலாம். கலாத்தியா, பெப்பரோமியா, பாஸ்டன் ஃபெர்ன், ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவற்றையும் தயங்காமல் விற்கலாம். ஸ்பைடர் பிளாண்டைப் பூனை விடாமல் மெல்லும். மிஞ்சினால் கொஞ்சம் வாந்தி எடுக்கும், அவ்வளவுதான்.

உரத்தையும் கவனியுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நச்சு தங்கியிருக்கலாம். எலும்புத்தூள் கலந்துவிட்டால் அந்த வாசனைக்கே நாய் தொட்டியைத் தோண்டித் தின்னும். நாய் இருக்கும் வீட்டுக்கு இந்தக் கலவை வேண்டாம்.

லேபிளின் பின்பக்கம் இதையும் அச்சிடுங்கள்: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, கடித்த செடியின் துண்டோடு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். லில்லி என்றால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால்தான் சிறுநீரகம் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு.

லேபிளைக் குச்சியில் செருகாமல் தொட்டியிலேயே ஒட்டிக் கொடுங்கள். குச்சி வீடு போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிடுகிறது.

இப்படிக்கு,
பூனை, நாயோடு செடியும் வளர்ப்பவர்கள்