ஆண்டு விழாவில் கூத்து: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு விழாவில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பகாசுரன் வதத்தைத் தெருக்கூத்தாக நடத்தப்போகிறார்கள். ஒரு மணி நேர ஆட்டம். பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியார் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் பெயர் கொடுத்தவர்களில் சிலரை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தெரிகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

நம் பக்கத்துக்குக் கூத்து புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம், தீமிதி. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் தவம் செய்யத் தபசு மரம் ஏறும் அன்று பிள்ளை வரம் வேண்டிக் கீழே மடியேந்தி நின்ற பெண்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். நம் பிள்ளைகளோ பெரும்பாலும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்கவைக்கும் வரைதான் விழித்திருக்கிறார்கள். அப்புறம் தூக்கம், இல்லையென்றால் கையில் போன்.

பகாசுரன் கதையை வாத்தியாரும் நானும் யோசித்துத்தான் எடுத்தோம். ஊருக்கு வெளியே ஓர் அரக்கன். முறை வைத்து வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு வண்டிச் சோறு, வண்டி இழுக்கும் இரண்டு எருமைகள் அவனுக்குப் போக வேண்டும். பாண்டவர்கள் மறைந்து தங்கியிருக்கும் வீட்டுக்கே முறை வருகிறது. வீட்டில் ஒரே அழுகை. குந்தி தன் பிள்ளை பீமனை அனுப்புகிறாள். அவன் அரக்கன் எதிரிலேயே உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட ஆரம்பிக்கிறான். அரக்கன் முதுகில் குத்தக் குத்த, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைசிக் கவளம் வரை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, “டீச்சர், சோறு போகாத வீட்டை அவன் என்ன செய்வான்?” என்று ஒரு பையன் கேட்டான். அன்று பாதி வகுப்பு அதிலேயே போனது. பயத்தால் ஆளும் ஒருவனுக்கு ஊரே படியளப்பது சரியா என்று பிள்ளைகளே வாதம் செய்தார்கள். நடக்க முடியாத கதைக்குள் வைத்துப் பேசியதால்தான் அவ்வளவு தைரியமாகப் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

அரக்கனும் ஆட்டமும் படிப்பைக் கெடுக்காதா என்று சிலர் கேட்டீர்கள். ஒரு வேஷக்காரர் என்னென்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாட வேண்டும். திரை விலகியதும் அடவு போட்டு, அதாவது தாளத்துக்கு அடியெடுத்து ஆடி, சுற்றி வர வேண்டும். கட்டியங்காரன் கேட்கிற கேள்விக்கு, தான் யார், எந்த நாட்டு ராஜா என்று கணீரென்று சொல்ல வேண்டும். தரு என்னும் கூத்துப் பாட்டை மிருதங்கத்தோடும் ஆர்மோனியத்தோடும் சுதி விலகாமல் பாட வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்ட குரல் அது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கூத்து ஆடினால் மரியாதை போய்விடும் என்ற எண்ணம் சில வீடுகளில் இருக்கிறது. எனக்கு வருத்தமாக இருக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்து நடத்துகிறது. அந்த வீட்டுக் கண்ணப்பத் தம்பிரானுக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்கள் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றுக்கொண்டார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய காலமும் மாறி வருகிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் (கட்டைக்கூத்து என்பதும் நம் கூத்துதான்) 2002-இல் தொடங்கிய குருகுலத்தில், பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்று மேடை ஏறினார்கள்.

நம் பள்ளியில் வாத்தியார் பீமன் வேஷத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத்தான். அவள் குரலைக் கேட்டதும் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் வீட்டில் சம்மதித்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

சினிமாப் பாட்டு ஆட்டமும் விழாவில் உண்டு. சின்ன வகுப்புகள் ஏற்கெனவே ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள் சந்தோஷத்தில் கைவைக்க மாட்டேன்.

இனி நடைமுறை விஷயங்கள். திங்கள், புதன், வெள்ளி மாலை 4.15 முதல் 5.15 வரை பயிற்சி. ஆசிரியை ஒருவர் கூடவே இருப்பார். தூரத்துப் பிள்ளைகளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடுவோம். பணம் எதுவும் தர வேண்டாம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் பிள்ளைகளே அட்டையில் வெட்டி, ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்கிறார்கள். ஆட்டத்தன்று முகத்துக்கு வர்ணம் பூசுவோம், தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் மரத்தில் செய்த பழைய கூத்து அணிகளான கட்டைகள் இருந்தாலோ, தாளம் போடவோ பின்பாட்டுப் பாடவோ தெரிந்த தாத்தா, பெரியப்பா யாராவது இருந்தாலோ, தயவுசெய்து பள்ளிக்கு அனுப்புங்கள். வாத்தியார் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். தயக்கம் இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் என்னை நேரில் வந்து பாருங்கள்; பயிற்சியையும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்