பந்து போடுபவர் தவறினால் பிள்ளை அவுட்டா? கோச் பிட்ச் விதிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விதிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். இதன் சாரத்தை ஆங்கிலத்தில் உங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டோம். பதில் இல்லை. நம் பேஸ்பால் லீக்கின் கோச் பிட்ச் பிரிவுக்கு, அதாவது பிள்ளைகளுக்குப் பெரியவரான கோச்சே பந்து போடும் பிரிவுக்கு, பிள்ளைகளை விளையாட அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கோச்களிலும் தமிழர் உண்டு. எல்லோரும் படித்துத் தங்கள் கருத்தைச் சொல்லட்டும் என்று இப்போது தமிழில் எழுதுகிறோம்.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். மட்டையோடு நின்றது ஆறு வயதுப் பிள்ளை. அவளுக்கு வந்த ஐந்து பந்துகளில் இரண்டு, பேட்டர் அருகே தரையில் பதித்த தட்டான ஹோம் பிளேட்டுக்கு முன்பே தரையில் குத்தின. ஒன்று தலைக்கு மேலே போனது. ஒன்று முதுகுக்குப் பின்னால் போனது. அடிக்கத் தக்கதாக வந்தது ஒன்றுதான். அதற்கு அவள் மட்டையை வீசினாள், படவில்லை. உடனே அவுட். அம்பயர் மீது எங்களுக்குக் குறையில்லை, விதிப்புத்தகத்தில் உள்ளதைத்தான் அவர் செய்தார். "ஐந்து பந்துக்குள் அடிக்காத பேட்டர் அவுட்" என்ற அந்த ஒற்றை வரியைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

மூன்று முறை மட்டையை வீசித் தவறவிட்டால் அவுட் என்பதில் எங்களுக்கு ஆட்சேபம் கிடையாது. அது பிள்ளையின் ஆட்டம். ஆனால் பந்தைத் தரையில் குத்தியது பிள்ளை இல்லை, பெரியவர். அவர் கை தவறியதற்குப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்குத் திரும்புவது என்ன நியாயம்?

இந்த விதி கற்றுக்கொடுக்கும் பாடம் இன்னும் மோசமானது. தனக்கு எட்டாத பந்தை விட்டுவிடுவதுதான் பேட்டிங்கின் முதல் அறிவு. அதைச் சரியாகச் செய்யும் பிள்ளையைத்தான் நம் விதி தண்டிக்கிறது. இரண்டு ஆட்டம் போனதும் பிள்ளை விவரமாகிவிடுகிறது. தலைக்கு மேலே வந்தாலும் சரி, காலடியில் வந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் மட்டையைச் சுற்றுகிறது. அடுத்த பிரிவில் பிள்ளைகளே பந்து போடத் தொடங்கி, பாலும் (அடிக்கத் தகாமல் வந்து, வீசாமல் விட்ட பந்து) ஸ்டிரைக்கும் (வீசித் தவறவிட்ட பந்து, அல்லது வீசாமல் விட்ட நல்ல பந்து) எண்ணும்போது இந்தப் பழக்கத்தை உதறவைக்க ஒரு முழு சீசன் போய்விடுகிறது.

பெரியவர்களின் பந்து ஏன் இப்படி வருகிறது என்பதையும் குழு பார்க்க வேண்டும். கோச் எங்கே நின்று போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று நம் விதியில் ஒரு சொல் இல்லை. பிள்ளை பயப்படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் 30 அடியில் நிமிர்ந்து நின்று மெதுவாகத் தூக்கிப் போடுகிறார்கள். மணிக்கு 20 மைல் வேகத்தில் போடும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதனால் அதை மேல்நோக்கித்தான் வீசியாக வேண்டும். ஐந்தரை அடி உயரத்தில் கையை விட்டால் பந்து எட்டு அடிவரை ஏறி, பிள்ளையின் இடுப்புக்கு வரும்போது 30 பாகைக்கும் மேற்பட்ட சரிவில் இறங்குகிறது. ஆறு வயதுப் பிள்ளையின் மட்டையோ கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வருகிறது. இரண்டு பாதையும் ஒரு கணம்தான் சந்திக்கும், அந்தக் கணம் பிள்ளைக்குப் பிடிபடாது. அதே தூரத்தில் கோச் ஒரு முழங்காலை ஊன்றி, சுமார் 35 மைல் வேகத்தில் நேராகப் போட்டால் சரிவு ஏறக்குறைய 14 பாகையாகக் குறைந்துவிடும். கொஞ்சம் வேகமாக வரும் பந்துதான் பிள்ளைக்கு அடிக்க எளிது. இதைப் புதிய கோச்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சீசனுக்கு முன் ஒரு மணி நேரம், பிளேட்டின் மேல் ஒரு வாளியை வைத்து, அதைக் குறிவைத்து நூறு பந்து போடச் சொன்னாலே பாதிக் குறை தீரும்.

மீதிப் பாதிக்கு விதி மாற வேண்டும். நாங்கள் கேட்பது இதுதான்: ஐந்து பந்து முடிந்தும் மூன்று முறை வீசித் தவறவிடாத பேட்டருக்கு அவுட் கொடுக்காதீர்கள். டீயை (பந்தை மேலே வைத்து அடிக்கும் தாங்கியை) கொண்டுவந்து வையுங்கள்.

நேரம் போதாது என்று சொல்வீர்கள். இப்போதைய விதியைப் பாருங்கள். ஐந்தாவது பந்தை அடித்தும் அது பக்கக் கோட்டுக்கு வெளியே போய் ஃபவுலானால் இன்னொரு பந்து, அதுவும் ஃபவுலானால் இன்னொன்று என்று அது முடிவில்லாமல் நீள்கிறது. டீ வைத்தால் பெரும்பாலும் ஒரே அடியில் முடிந்துவிடும். டீயைப் பின்னாலுள்ள தடுப்பு வேலியான பேக்ஸ்டாப்பை ஒட்டித் தயாராக வைத்திருந்து, கேட்ச்சருக்குப் பின்னால் நிற்கும் உதவிக் கோச் எடுத்துவரட்டும். பந்து பிள்ளையின் பெல்ட் உயரத்தில் இருக்க வேண்டும். டீ பிளேட்டின் நடுவில் இல்லாமல் முன்விளிம்பில் நிற்க வேண்டும், நடுவில் வைத்தால் பிள்ளை பந்துக்கு மிக நெருங்கி நின்று டீயின் கழுத்தையே அடிக்கும். அடித்த கையோடு, ஓடிவரும் பிள்ளைகள் இடறாதபடி, டீயை அகற்றிவிட வேண்டும். பிளேட்டிலிருந்து 10 அடி வளைவு ஒன்று போட்டு, அதைத் தாண்டாத பந்தை ஃபவுல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று முக்கியம்: டீ பந்துக்கு மட்டும் என்று அச்சிட்ட மட்டையை இதற்கு அனுமதிக்கக் கூடாது. அவை மென்மையான டீ பந்துக்காகச் செய்யப்பட்டவை, நம் ஆட்டப் பந்தில் பட்டால் நசுங்கும். 2018 முதல் நடைமுறையில் உள்ள, அமெரிக்க பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலின் முத்திரை மட்டையில் இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டீ சின்னப் பிள்ளைகளின் பொருள், அதை வைத்தால் பிள்ளை முன்னேறாது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் வீரர்களே டீயில் பந்தை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள்.

நம் விதிப்புத்தகத்தில் எதற்கெல்லாம் இடமிருக்கிறது! கடைசி இன்னிங்ஸில் ஐந்து ரன் வரம்பு கிடையாது என்பதற்கு ஒரு பத்தி. சமநிலையானால் யார் முன்னிலை என்பதற்கு இன்னொரு பத்தி. ஆனால் அடித்த பந்து கோச் மீது பட்டால் அது செத்த பந்தா (ஆட்டம் அங்கேயே நிற்குமா), ஆட்டத்தில் உள்ள பந்தா என்பதற்கு விடை இல்லை. போன ஆட்டத்தில் அதற்காகவே இரண்டு பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் குரல் உயர்த்தினார்கள். பிட்சர் (பந்து போடுபவர்) இடத்தில், பந்தைப் பிடிக்க மட்டும் நிற்கும் பிள்ளை கோச்சைவிட பேட்டருக்கு நெருங்கி நிற்கக் கூடாது, முகக்கம்பி வைத்த ஹெல்மெட் போட வேண்டும் என்றும் எங்கும் எழுதவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் புள்ளிப் பட்டியலைவிட இவை அவசியம் இல்லையா? பெரியவர்கள் வெல்வதற்கு எழுதிய விதிகளில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. நீங்களும் எங்களைப் போலவே வேலை முடித்து வந்து சம்பளமின்றி உழைப்பவர்கள் என்பதை மறக்கவில்லை. ஐந்து பந்து விதியை மட்டும் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் நடுவில் விதியை மாற்ற முடியாது என்றால், மீதமுள்ள ஆட்டங்களில் இரு கோச்களும் ஒப்புக்கொண்டால் டீ வைக்கலாம் என்று ஒரு தற்காலிக அனுமதி போதும். மைதானத்துக்கு ஒரு டீ வாங்கும் செலவைப் பெற்றோரே ஏற்கிறோம்.

எண்ணிக்கையை வைத்துப் பிள்ளைக்கு அவுட் கொடுக்காதீர்கள். தயவுசெய்து அடுத்த ஆட்டத்துக்குள் பதில் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கோச் பிட்ச் பிரிவுப் பெற்றோரும் தன்னார்வக் கோச்களும்