ஃபோம் ஜெட் கட்டுபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, ஞாயிறு காலை காற்று எழும்புவதற்கு முன்பே நம் ரிமோட் ஃபோம் விமானங்களைப் பறக்கவிடலாம் என்றிருக்கிறோம். அதற்குள் ஜெட்டை முடிக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

சாதாரண சூப்பர் க்ளூ வேண்டாம், ஃபோமைத் தின்றுவிடும். ஹாட் க்ளூ போதும். அதையும் வால் பக்கம் அள்ளி அப்பாதீர்கள். அப்புறம் மூக்கில் எடை வைத்து ஈடுகட்ட வேண்டி வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஈர்ப்பு மையம். பேட்டரியை உள்ளே வைத்துவிட்டு, வரைபடத்தில் குறித்த இடத்தில் இறக்கைகளை இரண்டு விரல்களால் தாங்கிப் பாருங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் எறியவே எறியாதீர்கள். என் முதல் ஜெட்டில் பேட்டரி 2 செ.மீ. பின்னால் இருந்தது. கையை விட்டதும் மூக்கை வானத்துக்குத் தூக்கி ஒரு நொடி நின்றது, அப்படியே குப்புற விழுந்தது. இரண்டு வார வேலை!

ஒவ்வொரு முறை எறியும் முன்பும் எலிவான்களை, அதாவது இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் பலகைகளை, சரிபாருங்கள். ரிமோட் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் இரண்டும் மேலே எழ வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே.

புரொப்பல்லர் பின்னால் இருக்கும் மாடல் என்றால், கையை விட்ட பிறகுதான் த்ராட்டில் கொடுத்து மோட்டாரை ஓடவிட வேண்டும். விரல்கள் முக்கியம்.

3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். செல்லுக்கு 3.5 வோல்ட்டாகக் குறைவதற்குள் ஜெட்டைத் தரையிறக்கிவிடுங்கள்.

வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.