கௌரவ் போராவுக்குக் கோவையிலிருந்து ஒரு கடிதம்

தம்பி கௌரவ் போராவுக்கு,

வணக்கம். அசாமில் பிறந்த உங்களுக்குத் தமிழ் படிக்க வருமோ வராதோ தெரியவில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பாலோ, ரொமாரியோவோ யாராவது படித்துச் சொல்லட்டும். சென்னை சிட்டி கால்பந்து அணியில் உங்களோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர்கள்தானே.

அப்போது தேசிய கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் 2018-19 சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் உங்கள் அணியின் பெத்ரோ மான்சியின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். அதில் தப்பில்லை. சீசனின் முதல் மேட்சிலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த மனிதர் அவர். மொத்தம் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21 கோல் அடித்ததால் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையை இருவரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் எனக்கு அந்த சீசன் என்றால் உங்கள் முகம்தான் ஞாபகம் வருகிறது. கோல் தடுக்க வேண்டிய டிஃபென்ஸில் ஆடுகிற ஒருவர், கடைசி நாளில் இரண்டு கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. நமக்கு எதிரே மினர்வா பஞ்சாப். அவர்கள்தான் அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியன். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால். அதற்கு முந்தைய மேட்சில் சர்ச்சிலிடம் 3-2 என்று தோற்காமல் இருந்திருந்தால் இந்தத் தலைவலியே இருந்திருக்காது. ஆனால் தோற்றாயிற்று.

மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்குக் கோல் அடித்துவிட்டார். கேலரியில் பாதிப் பேர் அப்போதுதான் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருவர் பார்வை மைதானத்தில், பக்கத்தில் இருப்பவர் பார்வை செல்போனில். கோழிக்கோட்டில் என்ன ஆச்சு, கோழிக்கோட்டில் என்ன ஆச்சு என்று அதே கேள்விதான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். இடைவேளையில் நாம் 0-1 என்று பின்தங்கியிருந்தோம். கோழிக்கோட்டில் இன்னும் கோல் இல்லை. அப்படியே முடிந்திருந்தால் இரண்டு அணிக்கும் 40 புள்ளி. அப்போதும் கோப்பை நமக்குத்தான் வந்திருக்கும்! புள்ளி சமமானால் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய மேட்சுகளைத்தான் பார்ப்பார்கள். நவம்பரில் கொல்கத்தாவிலேயே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று அடித்தீர்கள். பொங்கல் சமயத்தில் கோவையில் மறுபடியும் 2-1. என்னைக் கேட்டால் அந்த சீசனின் அஸ்திவாரம் இந்த இரண்டு மேட்சுகள்தான். அலெஹான்ட்ரோ மெனெண்டெஸ் என்ற ஸ்பெயின் பயிற்சியாளர், 2003-04க்குப் பிறகு தேசிய லீக் கிடைக்காத ஏக்கத்தில் தவிக்கும் லட்சக்கணக்கான ரசிகர்கள், அவ்வளவு பெரிய சால்ட் லேக் மைதானம். அங்கே மூன்று புள்ளி எடுப்பது சும்மா இல்லை.

சரி, மேட்சுக்கு வருவோம். 56வது நிமிடத்தில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். 69வது நிமிடத்தில் நீங்கள். 2-1. கிட்டத்தட்ட அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசஃப் கோகுலத்துக்குக் கோல் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தபோது, எல்லாம் முடிந்தது, இனி கொண்டாட்டம்தான் என்று எனக்குப் பின்னால் ஒருவர் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவரை உட்காரச் சொன்னவர்கள்தான் விவரம் தெரிந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்தது. அப்புறம் லால்டன்மாவியா ரால்டே இன்னொன்று அடித்தார். அங்கே அவர்கள் 2-1, இங்கே நாம் 2-1. மினர்வா ஒரே ஒரு கோல் அடித்தால் போதும், நமக்கு 41, அவர்களுக்கு 42. கோப்பை ரயிலேறிக் கொல்கத்தாவுக்குப் போய்விடும்.

அந்தக் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. நகம் கடிக்கிற பழக்கமே இல்லாதவர்களும் கடித்தார்கள். பந்து நம் பெனால்டி பகுதிக்குப் பக்கத்தில் வந்தாலே எழுந்து நின்றோம். இஞ்சுரி டைமில் மூன்றாவது நிமிடம், நீங்கள் இரண்டாவது கோலை அடித்தீர்கள். 3-1. முடிந்தது. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி தேசிய லீக்கை வென்றது அதுவே முதல் முறை. பழைய தேசிய லீக்கில் இந்தியன் வங்கி அணி ஆடியிருக்கிறது. ஆனால் கோப்பை கைக்கு எட்டவில்லை.

பெயரில் சென்னை, ஊர் கோவை. இதைச் சொல்லி எங்களைக் கிண்டல் செய்த சென்னை நண்பர்கள் எனக்கு உண்டு. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கிய அணி, ஐ-லீக்கில் முதல் சீசனைச் சென்னையில் ஆடிவிட்டு இங்கே வந்தது. அங்கே இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) என்ற இன்னொரு லீக்கில் ஆடிய ‘சென்னையின் எஃப்சி’ என்ற அணி இருக்கும்போது இன்னொரு அணிக்குக் கூட்டம் சேர்வது கஷ்டம். எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை, நாங்கள் வந்தோம்.

ரோஹித் ரமேஷ் நடத்திய கிளப்பிடம் கொட்டிக் கொடுக்கப் பெரிய பணம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைத் தரையில் வைத்து ஆடச் சொன்னார். மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்களை இந்தியாவில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர்களோடு எட்வின், ரொமாரியோ, அஜித் குமார் மாதிரி நம் ஊர்ப் பையன்கள். கூடவே அசாமிலிருந்து நீங்கள். 20 மேட்சில் 48 கோல் அடித்த அணி இது. 28 கோல் வாங்கியும் கட்டியது, அதையும் சொல்ல வேண்டும்; உங்கள் டிஃபென்ஸ் எங்களுக்கு ரத்த அழுத்தம் வர வைத்த நாட்கள் நிறைய உண்டு.

ஐ-லீக்கில் அந்தக் காலம் கொஞ்சம் விசித்திரமானது. 2016-17இல் ஐசால், 2017-18இல் மினர்வா, அடுத்து நீங்கள். மூன்று வருடமும் சின்ன கிளப்புகள்தான் கோப்பையைத் தூக்கின. உங்கள் சீசனில் முதல் முறையாக வந்த ரியல் காஷ்மீர் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த வருடம்தான் புல்வாமா தாக்குதல் நடந்தது. அதன் பிறகு ஸ்ரீநகருக்கு ஆட வர மினர்வா மறுத்தது. ஈஸ்ட் பெங்கால் மேட்ச் டெல்லிக்கு மாற்றப்பட்டது. அப்படியும் அந்த அணி தாக்குப்பிடித்தது.

“ஐஎஸ்எல் அணிகள் இல்லாத லீக், அதில் ஜெயித்தால் என்ன?” என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் நடந்த, இரண்டு லீக் அணிகளும் ஆடிய சூப்பர் கப் போட்டியின் காலிறுதியை நினைவுபடுத்துவேன். அந்த வருட ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு எஃப்சி. சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்தது. அரையிறுதியில் கோவா 3-0 என்று நம்மை நன்றாகவே அடித்தது, அது வேறு விஷயம்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த சீசனிலேயே ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது நாங்கள் என்னென்னவோ கனவு கண்டோம். ஆனால் சில மாதங்களில் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவானது. சாம்பியன் என்ற தகுதியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடிய கடைசி ஐ-லீக் அணி நீங்கள்தான். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 1-0 தோல்வி. மான்சி ஜப்பானுக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்சிக்கு, ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கு. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனசில்லை. முதல் லீக் என்ற இடம் போனதும் காசு வருவது நின்றது என்பது உண்மை. ஆனால் சாம்பியன் ஆன பிறகு ஒரு கிளப்பைக் கட்டிக் காக்க வேண்டியவர்களும் அதைச் செய்யவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே, அந்தக் கடைகளுக்கு நடுவில் எங்காவது ஒரு பலகை வைக்கட்டும். 2018-19 தேசிய சாம்பியன் இங்கே ஆடியது என்று போட்டு, கீழே எல்லார் பெயரும் எழுதட்டும். உங்கள் பெயரை மான்சிக்கு மேலே போட வேண்டும் என்கிறேன் நான். என் நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். பலகையே இல்லாமல் இந்தச் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
அன்று கேலரியில் இருந்த ஒருவன்